பழனிவேலின் இருபத்து மூன்று கேள்விகள்

இருபத்து மூன்றாவது கேள்வியை எழுதும்போது பேனாவில் மை தீர்ந்துவிட்டது. சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் போகிற பஸ், ஆலப்பாக்கத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. பழனிவேல் பேனாவை உதறினார், ஊதினார், கடைசியில் மனைவியிடம் கேட்டார்.

"லேகா, பேனா இருக்கா?"

"எத்தனை ஆச்சு?" என்றாள் ஜன்னலோரம் சுண்டல் தின்றுகொண்டிருந்த சந்திரலேகா.

"இருபத்திரெண்டு முடிஞ்சிது. மயக்க மருந்து குடுத்து, எழுந்திருக்கலன்னா என்னா பண்ணுவீங்கன்னு ஒண்ணு பாக்கி."

அவள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தாள். "எழுதுங்க. அதையும் கேட்டுருவோம்."

பழனிவேலுக்குச் சிதம்பரம் மேல வீதியில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிற கடை. இருபத்தாறு வருஷமாகப் பிரித்து மாட்டுகிறார். பத்து மிக்ஸிக்கு ஒன்றிலாவது மாட்டி முடித்த பிறகு ஒரு திருகாணி மிச்சம் கிடக்கும். மிக்ஸி என்னவோ ஓடும். ஆனால் பிரித்து மாட்டுகிற எந்தத் தொழிலிலும் இப்படி ஒன்றிரண்டு மிச்சமாகும் என்பது அவருக்குள் ஊறிப்போன எண்ணம். மனைவியை மேசையில் படுக்க வைத்து வெட்டித் தைக்கப் போகிறார்கள் என்றதும் அந்த எண்ணம்தான் அவர் சோற்றையும் தூக்கத்தையும் கெடுத்தது.

சந்திரலேகா கிள்ளையில் அங்கன்வாடிப் பணியாளர். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் மாதா மாதம் நிறுத்தி எடை எழுதுவது அவள் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுத் தானே அந்த மெஷினில் ஏறி நின்றாள். நூற்றுப் பதினேழு காட்டியது. யாரிடமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடிக்காமல் வீட்டுக்கு நடந்தாள். வழியில் நாலு இடத்தில் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் மூன்று இடம். டாக்டரிடம் கேட்டுச் சாப்பாட்டை மாற்றினாள். கல்யாணப் பந்தியில் ஜாங்கிரியை இலையோரத்தில் முழுசாக விட்டுவிட்டு எழுந்தாள். அப்படி ஒரு மன உறுதியைப் பழனிவேல் தன் வம்சத்திலேயே பார்த்ததில்லை. இரண்டே முக்கால் வருஷத்தில் அறுபத்து மூன்று கிலோவில் வந்து நின்றாள்.

எடை போயிற்று, தோல் போகவில்லை. வயிற்றுத் தோல் மடிந்து தொடை வரை தொங்கியது. வெயில் காலத்தில் மடிப்புக்குள் வியர்வை தேங்கிப் புண்ணாகும். பவுடர், களிம்பு, பருத்தித் துணி எல்லாம் பார்த்தாகிவிட்டது. இரண்டு முறை சீழ் பிடித்துக் காய்ச்சலில் படுத்தாள். அதற்குப் பிறகுதான் கடலூரில் டாக்டர் விஸ்வேஸ்வரனைப் பார்ப்பது என்று முடிவு செய்தாள்.

டாக்டர் பொறுமைசாலி. இது சின்ன ஆபரேஷன் இல்லை, இடுப்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தழும்பு இருக்கும், தையலுக்குள் நீர் கோர்க்கலாம், காலில் ரத்தம் உறையலாம் என்று எதையும் மறைக்காமல் சொன்னார். அதைக் குறைக்கத்தான் எடை மாதக்கணக்கில் ஆடாமல் நிற்கிறதா என்று பார்ப்பதும், ரத்தத்தையும் சர்க்கரையையும் சத்தையும் சோதிப்பதும், முடிந்த அன்றே எழுப்பி நடக்க வைப்பதும் என்றார்.

"ஆபத்தே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன் சார். அப்படி யாராவது சொன்னா அவங்ககிட்ட பண்ணிக்காதீங்க."

ஒன்பதாவது கேள்வி, எங்கே வெட்டுவீர்கள் என்பது. டாக்டர் ஒரு தாளில் வயிற்றை வரைந்து, அதன் குறுக்கே கோடு இழுத்தார். கோடு பாதி வருவதற்குள் பழனிவேலுக்கு வியர்த்துக் கொட்டி நெஞ்சு படபடத்தது. நர்ஸ் ராமாமிர்தம் அவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போய் பெஞ்சில் படுக்கவைத்தார். மிச்சப் பதினான்கு கேள்விகளையும் சந்திரலேகாவே கேட்டுப் பதிலையும் எழுதிக்கொண்டாள்.

வெளியே வந்தவள், "மூணு மாசம் தள்ளிப் பண்ணலாமாம்" என்றாள்.

தன் கேள்விகளைப் பார்த்து டாக்டரே பயந்துவிட்டார் என்று பழனிவேல் உள்ளுக்குள் மகிழ்ந்தார். அவள் சில நிபந்தனைகளும் சொன்னாள். தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும், தனியாகப் போகக் கூடாது, கூட ஒரு ஆள் வேண்டும். வீட்டில் உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும். அப்பளம், ஊறுகாய், கருவாடு வாசற்படி ஏறக் கூடாது.

பழனிவேல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நடக்கும்போது பயங்காட்டி அவள் மனசை மாற்றிவிடலாம் என்பது அவர் திட்டம். முதல் நாள் கீழ வீதியில், புவனகிரியில் ஆபரேஷனுக்குப் போன ஒருத்தரின் கதையை ஆரம்பித்தார். தெற்கு வீதி முனையில் மூச்சு வாங்கிக் கதை நின்றுபோனது. அவள் திரும்பி வந்து, அவர் மூச்சு சீராகும் வரை நின்று, மறுபடி நடந்தாள். இரண்டாவது மாதத்தில் நாலு வீதியும் சுற்றி முடிக்கும் வரை நிற்காமல் பேச அவருக்குத் தெம்பு வந்தது. அதற்குள் கைவசம் இருந்த கதையெல்லாம் தீர்ந்துவிட்டது.

வேறு வழியில்லாமல், மஞ்சக்குப்பத்திலிருந்த மச்சினன் மணவாளனுக்குப் போன் செய்து, அக்காவிடம் எடுத்துச் சொல்லும்படி கெஞ்சினார். மணவாளன் அக்காவிடம் பேசப் பயந்துகொண்டு, குமராட்சியிலிருந்த பழனிவேலின் அக்கா ஞானாம்பாளிடம் பேசினான். மறுநாள் காலை முதல் மினி பஸ்ஸிலேயே ஞானாம்பாள் வந்து இறங்கினாள்.

"என்னாடா, அவ தோல உரிக்கப் போறாங்களாமே?"

பழனிவேல் வெலவெலத்துப் போய், "அதெல்லாம் இல்லக்கா, குடல்வால் ஆபரேஷன்" என்றார்.

"அதத்தான் பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடியே எடுத்தாச்சே. நான்தான கூட இருந்தேன்?"

"அது... திரும்ப வளர்ந்துடுச்சிக்கா."

வளர்ந்த குடல்வாலைப் பற்றிய சேதி குமராட்சி முழுக்கப் பரவ ஒரு பகல் போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் வாழைத்தண்டும் விபூதியுமாக வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். நிலைமையைச் சரிசெய்ய வந்த மணவாளன், குடல்வால் இல்லை, கிட்னியாக இருக்கும் என்றான். அதுவரை விசாரித்துக்கொண்டிருந்தவர்கள் அழ ஆரம்பித்தார்கள்.

கடைக்குப் போயிருந்த சந்திரலேகா திரும்பி வந்தபோது வீடு சாவு வீடு மாதிரி இருந்தது. யார் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொருத்தராகக் கேட்டாள். கடைசியில் எல்லார் பார்வையும் தன்மேல் விழ, பழனிவேல் ஒரு மிக்ஸி ஜாரைக் கையில் எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

அவள் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு பெரிய உறைக்குள் சின்னத் தலையணையைச் செருகி எடுத்து வந்தாள்.

"தலகாணி எளச்சிப்போச்சி. உறை பழைய உறைதான். ஜாஸ்தியா தொங்கறத வெட்டித் தைக்கறாங்க. ஆபத்து இருக்கான்னா இருக்கு. உங்க தம்பி அத விடாம கேட்டிருக்காரு, கேளுங்க."

பழனிவேலின் காகிதத்தைப் பிரித்து இருபத்து மூன்று கேள்விகளையும், டாக்டர் சொன்ன பதில்களையும் நிறுத்தி நிதானமாக வாசித்தாள். பிள்ளைகளுக்குச் சொல்வது போல அவ்வளவு தெளிவாக இருந்தது. ஒன்பதுக்கு மேல் உள்ள பதில்களைப் பழனிவேலே அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார். மயக்க மருந்துக்குத் தனி டாக்டர், ஆபரேஷன் முடியும் வரை பக்கத்தைவிட்டு நகர மாட்டார். உள்ளே போன பஞ்சு, ஊசி எல்லாவற்றையும் தையல் போடுவதற்கு முன் இரண்டு பேர் எண்ணிச் சரிபார்ப்பார்கள். இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு, எழுந்திருக்காமல் போகலாம் என்கிற கேள்விக்கான பதிலையும் தன் கையாலேயே எழுதிக்கொண்டு, இவள் எப்படி என்னோடு திரும்புகிற பஸ்ஸில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள் என்று நினைத்துக்கொண்டே அவர் துடைத்த ஜாரைக் கீழே வைத்தார்.

ஞானாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்த மாசம் என்று மட்டும் கேட்டாள்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது பழனிவேல் வெளியே பெஞ்சில் நர்ஸ் ராமாமிர்தத்தோடு உட்கார்ந்துகொண்டார். உள்ளே போன சந்திரலேகா திரும்பி வந்து, "இன்னும் ஆறு வாரம் ஆவட்டுமாம்" என்றாள்.

இந்த முறை பழனிவேலுக்குக் கோபம் வந்தது. எடை ஒரு கிலோ ஆடவில்லை, ரத்தத்தில் ஒரு குறையில்லை, இன்னும் எதற்குத் தள்ளுகிறார் என்று டாக்டரிடமே கேட்கக் கிளம்பினார். அவள்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

ஆறு வாரம் கழித்து ஆபரேஷன் நடந்தது. நாலு மணி நேரம். பழனிவேல் வெளியே ஆடாமல் உட்கார்ந்திருந்தார். டாக்டர் வந்து, மூன்றே முக்கால் கிலோ தோல் எடுத்தோம், நன்றாக இருக்கிறார் என்றார். அன்று சாயங்காலமே சந்திரலேகா, இடுப்பில் இரண்டு பக்கமும் குழாய் தொங்க, இறுக்கமான பெல்ட்டோடு கட்டிலைச் சுற்றி ஏழு அடி நடந்தாள். வலியில் உதட்டைக் கடித்தாளே ஒழிய உட்காரவில்லை. ஐந்தாம் நாள் தையலுக்குள் கொஞ்சம் நீர் கோர்த்தது. டாக்டர் ஊசியால் உறிஞ்சி எடுத்தார். அதைப் பார்த்த மணவாளன் மயங்கிப் பக்கத்துக் கட்டிலில் சாய்ந்தான். தாளில் இழுத்த கோட்டுக்கே வியர்த்துப்போன பழனிவேல், குழாய்ப் புட்டியில் எவ்வளவு வடிந்தது என்று வேளை தவறாமல் பார்த்து நர்ஸிடம் ஒப்பித்தார்.

வீட்டுக்கு அனுப்புகிற நாள் காலையில் நர்ஸ் ராமாமிர்தம் பிரஷர் பார்க்கிற கருவியோடு வந்தார். கட்டில் பக்கம் போகாமல் நேராகப் பழனிவேலிடம் வந்து அவர் கையில் பட்டையைச் சுற்றினார்.

"எனக்கு எதுக்கும்மா? பேஷண்ட் அவுங்க."

நர்ஸ் அளவைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். சந்திரலேகா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மேடத்துக்கு முதல் நாளே எல்லாம் சரியாத்தான் சார் இருந்துது. வெளிய பெஞ்சில படுத்துக் கெடந்தப்ப உங்களுக்குத்தான் பிரஷர் நூத்தியறுபது. மூணு மாசம் கழிச்சும் முழுசா எறங்கல. சொன்னா பயத்துலயே இன்னும் ஏறிடும், நான் எறக்கிக் கூட்டியாறேன்னு சொல்லி, அவுங்கதான் ஆபரேஷன ரெண்டு தடவ தள்ளி வச்சாங்க."