டீசென்ட் பக்தவச்சலம்

பெங்களூரில் டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே டிராஃபிக்கை உண்டாக்குகிறவரைப் பார்த்திருப்பீர்கள். ஊருக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாமல் ‘இப்பல்லாம் முன்ன மாதிரி குளிர் இல்ல சார்’ என்று பெருமூச்சு விடுகிறவரையும் பார்த்திருப்பீர்கள். டீசென்ட்காரரைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரே ஒரு ஆங்கிலப் பெயரடையை வைத்துக்கொண்டு பிறப்பு முதல் கருமாதி வரை சமாளித்துவிடுகிறவர். மற்ற பெயரடைகளெல்லாம் அவருக்கு வெட்டி ஆடம்பரம்.

ஈஜிபுராவில் என் வீட்டு ஓனர் பக்தவச்சலம் இந்த இனத்தில் கலப்பில்லாதவர். அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இவர் பெங்களூர் வேலைக்கு அங்கிருந்து தினமும் ரயிலில் வந்துபோய், சலித்து, இங்கேயே தங்கி, ஒரு துண்டு நிலத்தில் மூன்று மாடி எழுப்பியவர். மாடி மூன்று இருந்தாலும் அவர் நாக்கில் குடியிருப்பது அந்த ஒரு சொல்தான். முழுக்கைச் சட்டை டீசென்ட். தேங்காய்ச் சட்னி டீசென்ட், பூண்டுச் சட்னி கிடையாது. குரைக்காத நாய் டீசென்ட். குரைத்தாலும் வெள்ளையாக இருந்தால், போகட்டும், டீசென்ட். எதிர்வீட்டுக்காரர் குடிப்பார், ஆனால் பாட்டுப் பாடாமல் போய்ப் படுத்துக்கொள்வார் என்பதால், ‘குடிச்சாலும் டீசென்ட் மனுஷன் சார்!’ சாவு வீட்டுக்குப் போய்வந்தால்கூட, ‘கூட்டம் டீசென்ட்டா இருந்துச்சு’ என்பார்.

கேட்டில் ‘டீசென்ட் ஃபேமிலிக்கு மட்டும்’ என்று பலகை வேறு தொங்கும். அங்கே அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறீர்களா? வீடு கேட்டு வருகிறவரிடம் நேராக ‘நீங்க என்னா ஆளுங்க?’ என்று கேட்பது டீசென்ட் இல்லையே! அதனால் சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், கோயில் பக்கமா ஏரிப் பக்கமா, பண்டிகைக்கு என்ன சமைப்பீர்கள் என்று சுற்றிச் சுற்றி வருவார். இதே கேள்விகளுக்கு ஒரு காலத்தில் இன்னொரு வீட்டு வாசலில் நின்று பதில் சொல்லி, வீடு கிடைக்காமல் திரும்பியவர்தான் இவரும். அந்த ஓனரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். “வீடு தரல சார். ஆனா டீசென்ட்டா பேசி அனுப்பிச்சாரு.” இவரை என்ன செய்ய?

இப்படிப்பட்டவருடைய மகள் ஷில்பாவுக்குப் போன மாதம் ஒரு வரன் வந்தது. பையன் பெயர் ராகேஷ், ஸ்ரீராம்புரத்துக் குடும்பம், ஏதோ கம்பெனியில் வேலை. பெரியவர்கள் பார்த்தாயிற்று. பிறகு பையனும் பெண்ணும் ஒரு காபிக்கடையில் தனியாகச் சந்தித்துப் பேசினார்கள். திரும்பி வந்த ஷில்பா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் படியேறும்போது பாட்டு முணுமுணுத்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எங்கள் கட்டடத்தில் குழாய் ரிப்பேருக்கு வந்தவருக்குக்கூடத் தெரிந்துவிட்டது. பையனுக்குப் பிடித்ததா என்பதுதான் தெரியவில்லை. வீடே அந்தப் பதிலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கீழேயிருந்து ஒரு சத்தம். “சார், கீழ வாங்க சார்! மாப்ள எழுதிட்டாரு!”

ஓடிப்போனேன். பக்தவச்சலம் போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல நின்றபடி வாசித்தார். “‘அங்கிள், ஷில்பா ஈஸ் டீசென்ட். மேல பேசலாம்.’ டீசென்ட்னு எழுதிட்டாரு சார்! டீசென்ட்னு!” கண் கலங்கியே விட்டது அவருக்கு. அவர் மனைவி தனலக்ஷ்மி அம்மாள் மைசூர்பாகு தட்டோடு வந்தார்.

ஷில்பா போனை வாங்கிப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

“என்னம்மா?”

“ப்பா, இது நல்ல வார்த்தை இல்ல. ஆபீஸ்ல நாள் பூரா நான் படிக்கிறதே கஸ்டமர் ரிவ்யூதான். டீசென்ட்னா அஞ்சுக்கு மூணு ஸ்டார். தூக்கிப் போட மனசு வரல, இன்னொரு தபா வாங்கவும் மாட்டேன்னு அர்த்தம். மிக்ஸிக்கு எழுதுவாங்கப்பா அத!”

“சும்மா பேஜார் பண்ணாத. நல்ல குடும்பத்துப் பொண்ணுன்னு எழுதியிருக்கான்.”

“ஏங்க, மூணு ஸ்டாருன்னா பாஸா, ஃபெயிலா?” என்றார் தனலக்ஷ்மி அம்மாள்.

பக்தவச்சலம் என் பக்கம் திரும்பினார். “நீங்க படிச்சவரு. சொல்லுங்க சார்.”

“இடத்தைப் பொறுத்தது” என்றேன். படித்தவனைக் கூப்பிட்டால் வேறு என்ன கிடைக்கும்?

“எனக்கு மூணு ஸ்டார் குடுத்தவனோட நான் எப்டிப்பா வாழறது?” என்றாள் ஷில்பா. குரல் உடைந்துவிட்டது. பக்தவச்சலம் பயந்து போனதை அன்றுதான் பார்த்தேன். அந்த ஒரு சொல்லை நம்பி வீடு கட்டி, பெண்ணை வளர்த்த மனிதர். அதுவே மகளை அழவைத்தால் எங்கே போவார், பாவம்!

ஷில்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு ராகேஷுக்குப் போன் போட்டு, எல்லோர் நடுவிலும் ஸ்பீக்கரில் வைத்தாள்.

“நான் டீசென்ட்டா?”

“என்னாது?”

“அப்பாக்கு எழுதியிருக்கீங்களே. டீசென்ட்னா என்ன அர்த்தம்? இப்ப சொல்லுங்க. இல்லன்னா இதோட விட்டுரலாம்.”

அந்தப் பக்கம் கண்டக்டர் ‘சிவாஜிநகர், சிவாஜிநகர்’ என்று கூவுவது மட்டும் கேட்டது. பிறகு பையன் பொரிந்து தள்ளினான். “அய்யோ ஷில்பா, உங்கப்பாவுக்கு வேற என்னா எழுத முடியும்? ‘உங்க பொண்ணு செமயா இருக்கா அங்கிள், நேத்துலேர்ந்து எனக்கு சோறு எறங்கல’ன்னா எழுதறது? எழுதி எழுதி அழிச்சேன். கடைசில மரியாதையா ஒரு வார்த்தை கெடச்சுது, அனுப்பிட்டேன்.”

ஷில்பாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. “அப்ப நெஜமா என்ன நெனைக்கிறீங்க?”

“பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

“ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எல்லாரும் இருக்காங்க.”

“அப்ப… டீசென்ட்.”

ஷில்பா சிரித்துவிட்டாள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனோடு மொட்டைமாடிக்கு ஓடினாள். பக்தவச்சலம் ஒரு மைசூர்பாகை முழுதாக வாயில் போட்டுக்கொண்டு, “நான் சொல்லல? நான் சொல்லல?” என்று குதித்தார்.

“அதிருக்கட்டும்” என்றார் தனலக்ஷ்மி அம்மாள், தட்டைக் கீழே வைத்து. “அன்னிக்கு என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப, பொண்ணு எப்டின்னு எங்க மாமா கேட்டாரு. நீங்களும் டீசென்ட்னுதான் சொன்னீங்க. அது இன்னா டீசென்ட்? மூணு ஸ்டாரா, சோறு எறங்காத டீசென்ட்டா?”

பக்தவச்சலத்தின் காது மடல் சிவந்தது. “சார் நிக்கிறாரு. அப்பால சொல்றேன்.”

நான் உடனே மாடிக்குக் கிளம்பிவிட்டேன். அதுதானே டீசென்ட்?

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் போன வாரம் உங்கள் வீட்டில் ஒருவர் புதுப்புடவையோ புதுச்சட்டையோ போட்டுக்கொண்டு எதிரே வந்து, “எப்படி இருக்கு?” என்று கேட்டாரே, அப்போது போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல் நீங்கள் ஒரு சொல் சொன்னீர்கள். ஞாபகம் வருகிறதா? அறையில் அப்போது வேறு யாரும்கூட இல்லையே!