சம்பந்திக்குப் பீபெரி காப்பி

ராசாத்தாள் டிகாக்ஷனைக் கரண்டியில் மொண்டு சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கரண்டியின் அடி பளிச்சென்று தெரிந்தது.

“ஏனுங்க, இதுக்குத்தான் கோயமுத்தூரு வரைக்கும் போனீங்களா? பாத்திரங் கழுவுன தண்ணியாட்ட இருக்குது.”

புருசன் சுப்பண்ணன் கரண்டியை வாங்கித் தானும் ஒருமுறை பிடித்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மகள் லோகப்பிரியாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை மிதுன், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் கண்ணையாவின் ஒரே பையன். வந்த வரன்களையெல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தள்ளிக்கொண்டிருந்த லோகப்பிரியா, இந்தப் பையனின் போட்டோவை மட்டும் வாங்கியவள் திருப்பித் தரவே இல்லை. கேட்டதற்கு, இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்றாள். மகளிடம் வாய்விட்டு எதையும் கேட்கத் தெரியாத சுப்பண்ணனுக்கு அந்தப் பதில் போதும். இந்தச் சம்பந்தம் கை நழுவினால் அவள் முகத்தில் அவரால் விழிக்க முடியாது.

காரியத்தைக் கெடுத்தவர் தரகர் சின்னான். போகிற போக்கில், “பையனோட அப்பா ஒரு வாய் குடிச்சாப் போதுமுங்க, எந்த மலையில வெளைஞ்ச காப்பின்னு சொல்லிப்போடுவார்” என்று ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். தரகர் என்றால் நாலு வார்த்தை கூட்டித்தான் பேசுவார். ஆனால் காப்பி விளைவிக்கிறவருக்குக் காப்பி ருசி தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்று சுப்பண்ணன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பெருந்துறையில் அந்த வீட்டுக்குக் காப்பி என்றால் மூலைக்கடைப் பொட்டலம்தான். அதில் பாதிக்கு மேல் சிக்கரி. கெட்டியாக, கறுப்பாக இறங்கும். பாலை ஊற்றினால் நல்ல நிறம் கொடுக்கும். அதைப் போய்க் கண்ணையாவுக்குக் கொடுப்பதா?

ஆகவே சுப்பண்ணன் பஸ் ஏறிக் கோயமுத்தூர்க் கோட்டைமேட்டில் அமீர் ஹம்சாவின் கடைக்குப் போனார். கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தருகிற கடை. பீபெரியா, பிளாண்டேஷனா, ரோபஸ்டாவா, வறுவல் இளசா, முதிர்ந்ததா, சிக்கரி எவ்வளவு என்று அமீர் ஹம்சா கேட்கக் கேட்க அவருக்குத் தலை சுற்றியது. பழத்துக்குள் இரண்டாகப் பிரியாமல் ஒற்றையாய் உருண்டு விளைவதுதான் பீபெரி, அது கொஞ்சமாகத்தான் தேறும் என்று தெரிந்ததும் அதையே, அதுவும் ஏற்காட்டுக் கொட்டையாகவே கேட்டார். சிக்கரி ஒரு துளி கூடாது என்றார்.

“சிக்கரி இல்லீன்னா டிகாக்ஷன் கடகடன்னு எறங்கிருமுங்க அண்ணா. பொடியைக் கூடப் போட்டு அழுத்தி வெச்சு...” என்று அமீர் ஹம்சா ஆரம்பித்தார்.

“அதெல்லாம் எங்களுக்குத் தெரியாததுங்களா?” என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பி வந்தவர்தான், இப்போது கரண்டியின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பொடி கொரகொரப்பாக இருப்பதுதான் கோளாறு என்று அவரே தீர்ப்பு எழுதி, அதை மிக்ஸியில் போட்டுத் திருநீறு மாதிரி அரைத்தார். இந்த முறை ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. பில்டரைத் தட்டினார், உலுக்கினார், கடைசியில் ஊசியை எடுத்து அடித்தட்டின் ஓட்டைகளைக் குத்திப் பெரிதாக்கினார். டிகாக்ஷனும் பொடியும் சேர்ந்து சேறாக இறங்கின. ராசாத்தாள் பில்டரை வாங்கிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள். அது அவள் தாய்வீட்டுச் சீதனம்.

மறுபடி பஸ், மறுபடி கோட்டைமேடு. இந்த முறை வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்துக்கொண்டார். புதுப் பொடியும் புதுப் பில்டருமாக வந்து, சொன்னது சொன்னபடி செய்ததில் டிகாக்ஷன் ஒழுங்காக இறங்கியது. ஆளுக்கொரு வாய் குடித்தார்கள்.

ராசாத்தாள் லேசாகப் புளிக்கிறது என்றாள். லோகப்பிரியா ஏதோ பூ வாசம் அடிக்கிறது என்றாள். புளிப்பதும் மணப்பதும் நல்லதா கெட்டதா என்று சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் நாக்குப் பழகவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் குடிக்க வைத்தார்கள். அவர் யோசித்து யோசித்து, இன்னும் கொஞ்சம் சக்கரை போடலாம் என்றார். சுப்பண்ணனுக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தைரியமும் போயிற்று. எதற்கும் இருக்கட்டும் என்று மூலைக்கடைக் காப்பியையும் ஒரு பாத்திரத்தில் தயாராக வைக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கண்ணையா அதிகம் பேசாத மனிதர். அவர் மனைவி நாச்சியம்மாள் லோகப்பிரியாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, “என்ன படிச்சிருக்கறே அம்மணி?” என்று வாஞ்சையாக விசாரித்துக்கொண்டிருந்தாள். மிதுன் தரையைப் பார்ப்பது போல லோகப்பிரியாவைப் பார்த்தான். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, காப்பி வரும் வரை.

கண்ணையா ஒரு வாய் குடித்தார். கை அப்படியே நின்றது. கண்ணை மூடினார். இன்னொரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு நாச்சியம்மாளைப் பார்த்தார். அவர் கண் லேசாகக் கலங்கியிருந்தது.

கண் கலங்குகிற அளவுக்குக் கசந்துவிட்டது என்று சுப்பண்ணன் முடிவு கட்டினார். மகளின் முகம் ஒருமுறை அவர் கண்முன் வந்து போனது. யோசிக்க நேரமில்லை. பாய்ந்து போய்க் கண்ணையாவின் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கினார்.

“மன்னிச்சுக்கோணுமுங்க, மாறி வந்துபோச்சு. இது எங்க பண்ணையாளுங்களுக்குப் போட்ட காப்பி.”

“ஆளுங்களுக்கா?” என்றார் கண்ணையா. டம்ளர் போன பிறகும் அவர் கை அந்தரத்திலேயே நின்றது. “இதையா?”

அந்த ‘இதையா’வில் சுப்பண்ணனுக்கு உயிரே போய்விட்டது. இப்படிப்பட்டதைக் கூலிக்காரனுக்குக்கூடக் கொடுப்பார்களா என்று கேட்கிறார் மனிதர். சமையலறைக்கு ஓடி, டம்ளரையும் மிச்சமிருந்த டிகாக்ஷன் அத்தனையையும் கொண்டுபோய்ப் புழக்கடை வாழைமரத்தடியில் கவிழ்த்தார். மூலைக்கடைக் காப்பியை நுரை பொங்க ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

கண்ணையா அதைத் தினமும் குடிக்கிறவர் போல மடமடவென்று குடித்து முடித்தார். காலி டம்ளரை ஓரமாக வைத்தார். குனிந்து நாச்சியம்மாளின் காதில் ஏதோ சொன்னார். அவள் எழுந்து சமையலறைப் பக்கம் வந்தாள்.

பின்னாலேயே ஓடிவந்த புருசனை ராசாத்தாள் முறைத்தாள். சுப்பண்ணன் காலிப் பில்டரை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். வேண்டாம் என்பதைப் பெண்கள் மூலமாகச் சொல்லி அனுப்புவதுதானே நாகரிகம். இதை லோகப்பிரியாவிடம் எந்த வாயால் சொல்வது?

நாச்சியம்மாள் ராசாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தித் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

“தப்பா நெனச்சுக்காதீங்க, எங்க தோட்டத்து நல்ல கொட்டையெல்லாம் அப்படியே ஏலத்துக்குப் போயிருமுங்க, உடைசல்ல சிக்கரி கலந்து குடிச்சே எங்களுக்குத் தலை நரைச்சுப்போச்சு, தன்னோட செடியில வெளையறது இப்படித்தான் ருசிக்கும்னு அவருக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது, உங்க பண்ணையாளுங்க குடிச்சது போக இன்னொரு அரை டம்ளர் இருக்குமுங்களா?”