ஈடு இணையற்ற லிஃப்ட் மெக்கானிக்

உலகம் தோன்றிய நாள் முதல் மனிதன் செத்துக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் அவனை முறைப்படி சாகவிட்டு, முறைப்படி வருந்தி, முறைப்படி கணக்கையும் தீர்க்கும் கலையைக் கரைத்துக் குடித்த நிறுவனம் ஒன்றே ஒன்றுதான். அதன் மேல்மாடியில், குளிரூட்டிய அறையில், சுழல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வரும் பாக்கியம் இந்தக் கிழவனுக்குக் கிடைத்தது.

என் அக்கா மகளின் வீட்டுக்காரர் அங்கே லிஃப்ட் மெக்கானிக். போன மாதம் ஒருநாள் அவர் பழுது பார்க்க ஏறிய லிஃப்ட், அதைத் தாங்கும் கம்பிவடம் அறுந்து, உச்சியிலிருந்து ஒரே மூச்சில் தரைக்கு வந்து சேர்ந்தது. அந்த நிறுவனத்தில் அதுவரை எந்தக் காரியமும் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை என்கிறார்கள்.

இழப்பீடு பற்றிப் பேச வரும்படி அழைப்பு வந்தது. துணைக்கு நானும் போனேன். வாசல் கூடத்தில் மாப்பிள்ளையின் படம், சந்தன மாலையோடு. அடியில் பொன்னெழுத்தில் 'ஈடு இணையற்ற ஊழியர்' என்று எழுதியிருந்தது. வீட்டில் அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மின்விசிறி ஓடவில்லை என்றால் மட்டும் தேடுவோம்.

"விருந்தாளிங்க லிஃப்ட்ல போகலாம், பெரியவரே" என்றார் காவலாளி.

என் அக்கா மகள் லிஃப்ட்டை ஒரு பார்வை பார்த்தாள். "படியிலயே போயிடலாம் மாமா" என்றாள்.

படியில்தான் அதிகாரிகளையும் சந்தித்தோம். கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு, மூச்சு வாங்க, ஒருவர் பின் ஒருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். சுவரெங்கும் 'படி ஏறு, பல்லாண்டு வாழு' என்று சுவரொட்டிகள். விசாரித்தேன். ஊழியர் நலவாழ்வு இயக்கமாம். மாப்பிள்ளை இறந்த மறுநாளே தொடங்கிவிட்டார்களாம். ஊழியர்கள் பல்லாண்டு வாழ வேண்டும் என்பதில் அவர்களுக்குத்தான் எவ்வளவு அக்கறை!

அறையில் மூன்று பேர். மேலாளர், கணக்கதிகாரி, சட்ட அதிகாரி. சட்ட அதிகாரிக்கு 'மேற்படி' இல்லாமல் வாய் திறக்காது. ஆகவே அவரை மேற்படியார் என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் கணக்கதிகாரி கனைத்தார். "உங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தா என்ன சம்பாதிப்பாரோ, அதுல அவரோட சொந்தச் செலவைக் கழிச்சிடணும்மா. இனிமே அவர் சாப்பிட மாட்டாரில்லையா?"

"அவர் கொஞ்சமாத்தான் சார் சாப்பிடுவாரு."

"இங்க டீ நிறைய குடிப்பார்னு கேன்டீன்ல சொன்னாங்களே?"

"ஓசி டீதானே சார்!"

"அதான் சொல்றேன். கம்பெனிக்கு அந்த வகையில செலவுதான். அதை நாங்க பெருந்தன்மையா விட்டுடறோம்."

அடுத்தது வேதனை. இறந்தவர் பட்ட வலிக்கும் சட்டத்தில் இடம் உண்டாம். மேற்படியார் வருத்தத்தோடு கையை விரித்தார். "மேற்படி ஊழியர் தரையில மோதின அந்த வினாடியே போயிட்டார். வலி தெரிஞ்சிருக்காது."

"மோதறதுக்கு முன்னாடி?" என்று கேட்டேன்.

"அதுவரைக்கும் அவர் பயணம்தான் பண்ணிட்டிருந்தார், பெரியவரே."

பிறகு துணையை இழந்த துயரம். அதை மேலாளரே எடுத்துக்கொண்டார். கனிவானவர். "உங்களுக்குள்ள சண்டை வருமாம்மா?"

"வரும் சார். புருஷன் பொண்டாட்டின்னா வராமலா?"

"குறிச்சுக்கோங்க. துயரம் பாதி."

"இப்ப சண்டை போடக்கூட ஆளில்ல சார்" என்றாள் அவள்.

கணக்கதிகாரி இழப்பீட்டுப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். அதற்கு அவர்களிடம் தலைப்பு இல்லை.

மேற்படியார் எழுந்தே நின்றுவிட்டார். "ஆனா ஒண்ணும்மா. இழப்பீடுன்னா என்ன? இழப்புக்கு ஈடு. மேற்படி ஊழியரை ஈடு இணையற்றவர்னு நாங்களே எழுதி மாலை போட்டிருக்கோம். ஈடே இல்லாதவருக்கு எப்படி ஈடு குடுக்கறது? குடுத்தா அவரை அவமானப்படுத்தினதா ஆகாதா? உயிருக்கு ஈடே கிடையாதும்மா!"

அவர் கண் கலங்கியிருந்தது. தமிழ் இலக்கணம் ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு செலவு வைக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"அப்ப 'சுமாரான ஊழியர்'னு மாத்தி எழுதிடுங்களேன்" என்றேன்.

"சேச்சே! செத்தவரைப் பத்தி அப்படி எழுதலாமா?"

அவள் என்னைக் கையமர்த்தினாள். "சார், வடம் இழை இழையாப் பிரியுது, புதுசு வேணும்னு அவர் நாலு தடவை வந்து சொன்னாரே. அது?"

"மேற்படி வடத்துல எந்தக் குறையும் இல்லம்மா. புது வடம் மாட்டினா பழசு பழுதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதனால அறுந்ததையே ஒட்டுப் போட்டு மாட்டியிருக்கோம். அவ்வளவு நம்பிக்கை எங்களுக்கு! கவனக்குறைவு உங்க வீட்டுக்காரருடையது. அப்படின்னு மேற்படி தாள்ல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க. மேற்படி லிஃப்ட்டுக்கே அவர் பேரை வச்சிடறோம்."

"போட்டுடறேன் சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா இது? பிள்ளைங்க படிப்பு, வீட்டு வாடகை..."

"இருங்க மாமா. போடறேன் சார், ஆனா இங்க இல்ல. எல்லாருமா அந்த லிஃப்ட்லயே கீழ போவோம். தரையில கால் வச்சதும் போட்டுக் குடுக்கறேன்."

தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். பொத்தானை அழுத்தினாள். லிஃப்ட் கரகரவென்று முனகியபடி வந்து வாயைத் திறந்தது. கதவைக் கையால் தடுத்துப் பிடித்துக்கொண்டு, "ஏறுங்க சார்" என்றாள், பந்திக்கு அழைப்பதுபோல.

மேலாளர் குனிந்து காலைத் தடவினார். "எனக்கு மூட்டுவலிம்மா. படி இறங்கினாத்தான் கேக்குது."

கணக்கதிகாரி பாவம், சாக்கு ஒன்று தயார் செய்துகொள்ள அவகாசம் இல்லை. "எனக்குச் சின்னச் சின்னக் குழந்தைங்க இருக்கும்மா!"

"எங்க வீட்லயும் இருக்கு சார்."

மேற்படியார் வாய் திறந்தார். முதன்முறையாக அதில் மேற்படி இல்லை. "உயிர் விஷயத்துல விளையாடக் கூடாதும்மா" என்றவர் விறுவிறுவென்று கீழ்ப்படிகளை நோக்கி நடந்தார். மற்ற இருவரும் கீழ்ப்படிந்தார்கள்.

லிஃப்ட் காலியாக வாயைப் பிளந்து நின்றது. அவள் கையெழுத்திடாத தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "கோர்ட்டுக்கே போவோம் மாமா. ஜட்ஜய்யாவையும் ஒரு தடவை ஏறிப் பார்க்கச் சொல்றேன்."

படியில் இறங்கும்போது அந்தக் கனவான்களை மனதார வாழ்த்தினேன். உயிருக்கு ஈடே கிடையாது என்று அவர்கள் சொன்னது சத்திய வாக்கு. யாருடைய உயிருக்கு என்பதைத்தான் நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தோம்.