கரடியக்காவும் ஒரு ‘இங்’கும்

“புதுக் குளத்துல இறங்கும்போது மீன் எங்கேன்னு கேக்காதடா, முதல்ல…” என்று தொடங்கி ஏதோ சொல்வார் நாரையின் பெரியப்பா. மீதி நாரைக்கு மறந்துவிட்டது. பாதி ஆயுளைக் கடலுக்கு அப்பால் கழித்துவிட்டு, இங்கிலீஷை அங்குள்ள வாத்துகளிடமே கற்றுக்கொண்டு திரும்பிய நாரை அது. பெரியப்பாவையெல்லாம் எங்கே நினைவில் வைத்திருக்கும்?

ஒரு காட்டில், அது திரும்பி வந்து இறங்கிய அதே காட்டில், எல்லா மிருகங்களும் இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தன.

காரணம், புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி சிறுத்தை. குகையில் இருப்பவர்கள் நேரில் வந்து, தாங்கள்தான் அங்கே குடியிருக்கிறோம் என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவர்கள் மழைக்கு முன் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு. சிறுத்தைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அதனால்தான் அதில் யாரும் பேசக்கூடாது என்றது.

உத்தரவு வந்த கையோடு நரி புளியமரத்தடியில் ‘ஜம்புகம் ஸ்போக்கன் இங்கிலீஷ்’ தொடங்கிவிட்டது.

“கவனிங்கப்பா. பெரியவங்க முன்னாடி ‘போறேன்’னு வெடுக்குனு சொல்வோமா? ‘போறேங்க’ன்னு இழுப்போம். இங்கிலீஷ்ல அந்த இழுப்புதான் ‘இங்’. ‘ஐ லிவ்’னா திமிரு. ‘ஐ ஆம் லிவிங்’னா பணிவு. எங்கே, சொல்லுங்க!”

காடே சொன்னது. குரங்கு ‘ஐ ஆம் நோயிங்’ என்றது. முயல் ‘ஐ ஆம் வான்டிங் கேரட்’ என்றது. கரடியக்கா இரண்டு குட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பேபீஸ்’ என்றது.

நாரைக்கு இறகெல்லாம் கூசியது. வகுப்பு முடிந்ததும் கரடியை ஓரமாக அழைத்தது.

“அக்கா, ‘ஹேவிங்’னா சாப்பிடறதுன்னும் அர்த்தம். அப்படிச் சொன்னா ரெண்டு குட்டியையும் நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு ஆயிடும்.”

“ஐயையோ!” கரடி குட்டிகளின் காதைப் பொத்தியது.

“எப்பவும் உள்ளதுக்கு இழுப்பு வேண்டாம். ‘ஐ லிவ்’, ‘ஐ ஹேவ்’. அவ்வளவுதான். இந்த நிமிஷம் நடக்கறதுக்கும், கொஞ்ச நாளைக்கு மட்டும் இருக்கறதுக்கும்தான் ‘இங்’. கொள்ளுத்தாத்தா காலத்துக் குகையை வச்சுக்கிட்டு லாட்ஜ்ல தங்கினவங்க மாதிரி ஏன் பேசணும்?”

“மரியாதைக் குறைச்சலா இருக்காதே, தம்பி?”

“இலக்கணத்துல மரியாதை ஏதுக்கா?” என்று நாரை சிரித்தது. அந்தச் சிரிப்பில் வெளிநாட்டுக் குளங்கள் தெரிந்தன.

விசாரணை நாள் வந்தது. கரடி நிமிர்ந்து நின்று, “ஐ லிவ் இன் திஸ் கேவ். ஐ ஹேவ் டூ பேபீஸ்” என்றது. அந்தக் காட்டில் முதல்முறையாக ஒரு வாக்கியம் காயம்படாமல் கரையேறியது. நாரை பெருமையில் கால் மாற்றி நின்றது.

சிறுத்தையின் மீசை துடித்தது. “என்னம்மா, எனக்கே உத்தரவு போடறியா?”

நரி குனிந்தபடியே முன்னால் வந்தது. “சார், ஐ ஆம் ஆல்சோ லிவிங் இன் திஸ் கேவ் சார். ஐ ஆம் ரெஸ்பெக்டிங் யூ சார். டெய்லி ஐ ஆம் திங்கிங் யூ ஒன்லி சார்.”

நரி அந்தக் குகைக்குள் வாலைக்கூட நீட்டியதில்லை. ஆனால் சிறுத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. “பாருங்க, இதுதான் பண்பு. குகை மாஸ்டருக்கு.”

நாரை பறந்து வந்து நடுவில் நின்றது. “ஐயா, அவர் சொன்னபடியே பார்த்தாலும் அது தற்காலிகமாத் தங்கறதுதான்…”

“ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டாண்டிங்,” என்றது சிறுத்தை. “ஆமா, நீ நிக்கற குளம் யாரோடது? நாளன்னைக்கு நீயும் வந்து சொல்லு.”

மழை பிடித்துக்கொண்டது. நரியின் வகுப்பு குகைக்கு மாறிவிட்டதால் புளியமரத்தடி காலியாக இருந்தது. கரடி குட்டிகளை வயிற்றுக்கடியில் செருகிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தது.

“தம்பி, நீ சொல்லிக் கொடுத்தது சரிதானே?” என்று கேட்டது, கோபமே இல்லாமல்.

“நூத்துக்கு நூறு சரி, அக்கா.”

“அப்ப சரி. ஆனா ஒழுகுதுப்பா.”

அப்போதுதான் நாரைக்குப் பெரியப்பா சொன்னதன் மீதி நினைவுக்கு வந்தது: ‘முதல்ல, முதலை எங்கேன்னு கேளு.’

மறுநாள் காலை நாரை, கரடியின் பழைய குகைக்குப் போய், நரி மாஸ்டரின் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்தது.

நீதி: சரியாகப் பேசுகிறவருக்கு மரத்தடி, சார் போட்டுப் பேசுகிறவருக்குக் குகை. குட்டிகள் உள்ளவர்கள் இலக்கணத்தை வெயில் காலத்தில் மட்டும் பயன்படுத்தவும்.