லாரி கட்டிய வேட்டி

நான் பிடிவாதக்காரன். இப்போது எவ்வளவோ தேவலை (மனைவி இதைப் படித்தால் ஒத்துக்கொள்ள மாட்டாள்).

கடலூரில் ஒரே ஒரு லாரி வைத்துக்கொண்டு பெரிய முதலாளி மாதிரி திரிந்த காலத்தில், சிதம்பரத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பாவுக்கு லாரி உதிரிபாகக் கடை. "டீசல் வண்டிக்குப் பேப்பர் ஏர் ஃபில்டர்தான். கழுவிக் கழுவிப் போடுறதெல்லாம் வீண் வேலை" என்று அவர் சொன்னதைத் தரகர் போகிற போக்கில் சொல்லிவிட்டார். நானோ அப்போதுதான், இன்ஜினுக்குள் போகிற காற்றில் தூசியை வடிகட்ட, கழுவி மாட்டுகிற ஃபில்டர் ஒன்றை வாங்கி, ஊரெல்லாம் அதன் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். விடுவேனா? அம்மாவைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, ஃபில்டரைக் காட்டி அவர் வாயை அடைப்பதற்காக லாரியிலேயே பெண் பார்க்கக் கிளம்பினேன்.

காட்டும்போது பளிச்சென்று இருக்க வேண்டாமா? காலையில் அதைச் சோப்பு போட்டுக் கழுவினேன். டிரைவர் சேவியர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மொதலாளி, இது ஒரு நாள் பூரா காயணும். ஈரத்தோட மாட்டக் கூடாது. பேசாம பஸ்ல போங்க."

"லாரியிலதான் போறேன். காத்துல காஞ்சிடும்."

ஃபில்டரைப் பக்கக் கண்ணாடிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, ஃபில்டர் இல்லாமலேயே புறப்பட்டோம். முட்லூர் பக்கம் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. எதிரே வருகிற வண்டி தெரியாத அளவுக்குப் புழுதி. சேவியர் ஓரங்கட்டினார்.

"இந்தப் புழுதிய இன்ஜின் குடிச்சா, பொண்ணு கெடைச்சாலும் லாரி மிஞ்சாது."

ஃபில்டரிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். இடுப்பில் இருந்த புது வேட்டியை அவிழ்த்தேன். எட்டாக மடித்து, ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில் திணித்தேன். சேவியரின் மாற்று லுங்கியைச் சுற்றிக்கொண்டேன் (நீலக் கட்டம், முழங்காலில் கிரீஸ்). சிதம்பரத்துக்குள் நுழையும் முன் மாற்றிக்கொள்வதாகத் திட்டம்.

காற்று போதாமல் லாரி கரும்புகை கக்கிக்கொண்டு ஊர்ந்தது.

"நிறுத்துனா மறுபடி ஸ்டார்ட் ஆவாது" என்றார் சேவியர்.

அதனால் எங்கும் நிறுத்தவில்லை. கடையும் வீடும் ஒன்றாக இருந்த பெண் வீட்டு வாசலில் அது தானாகவே நின்றது.

அம்மா என் லுங்கியைப் பார்த்தாள். எனக்கு மானமே போய்விட்டது. பெண்ணின் அப்பா நேராக லாரியிடம் போனார். ஃபில்டர் டப்பாவைத் திறந்து, சரிகைக் கரை வேட்டியை மெதுவாக உருவினார். உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. பாதித் தெரு அதை வேடிக்கை பார்த்தது.

சம்பந்தம் போயே போச்சு என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் கம்பியில் தொங்கியதைக் காட்டி, "மாமா, இது காயட்டும், அப்புறம் பாருங்க" என்றேன் (அந்த நிலையிலும் மாமா).

பெண் வாசலுக்கு வந்தாள்.

"கழுவுறது நல்லதுதான். ஆனா அது காயுற வரைக்கும் மாட்ட இன்னொண்ணு வேணும்ல? ஏன் வாங்கல?"

பேப்பரா, கழுவுவதா என்று ஊரோடு சண்டை போட்டவனுக்கு இது மட்டும் உறைக்கவே இல்லை.

"தோணலைங்க" என்றேன்.

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "தோணலைன்னு ஒத்துக்கிறாரேப்பா. அது போதும்."

இப்போது லாரிக்கு இரண்டு ஃபில்டர். அவசரத்துக்கு வண்டியிலேயே ஒரு பேப்பர் ஃபில்டரும் இருக்கிறது (மனைவி வைத்தது). தீபாவளிக்குத் தீபாவளி மாமனார், சொந்தபந்தம் அத்தனை பேரும் கூடும் வரை காத்திருந்து, தட்டில் இரண்டு வேட்டி வைத்து நீட்டுவார்.

"ஒண்ணு மாப்பிள்ளைக்கு. இன்னொண்ணு லாரிக்கு."