ஃப்ளோராவின் கால் வரைபடம்

"ஆடாம நில்லு ஃப்ளோரா. கோடு கோணலாப் போவுது."

ஜெயகரன் ஒரு காலத்தில் சாம்பியன் ரீஃப்ஸ் தங்கச் சுரங்கத்தில் சர்வே வேலை பார்த்தவர். எவ்வளவு தூரம் தோண்டினார்கள் என்று சுவரில் தேதி போட்டுக் கோடு கிழித்த கை. இப்போது மனைவியின் கெண்டைக்காலில் பரவும் சிவப்பு வட்டத்துக்குத் தினமும் பேனாவால் எல்லை போட்டார். அதை அப்படியே கிராஃப் தாளிலும் வரைந்தார்.

கிறிஸ்துமஸுக்கு இருவரும் குடகு எஸ்டேட்டில் மகள் வீட்டுக்குப் போய்வந்த பிறகு கிளம்பிய வட்டம் அது. ஃப்ளோராவுக்கு ஆண்டர்சன்பேட்டையில் தையல் கடை. கால் மிதித்தால்தான் மெஷின் ஓடும்.

முதல் டாக்டர், "படர்தாமரை," என்று களிம்பு கொடுத்தார். வட்டம் இன்னும் பெரிதாயிற்று.

இரண்டாமவர், "பேனா மை அலர்ஜி," என்றார். "கோடு போடறத நிறுத்துங்க."

"வட்டம் முன்னாடி போவுது டாக்டர். இவரு பேனாவ எடுத்துக்கினு பின்னாடி ஓடறாரு," என்றாள் ஃப்ளோரா.

பிறகு காய்ச்சல். டெங்கு இல்லை. வட்டமும் மறைந்தது. எல்லோரும் நிம்மதியாக இருந்தபோது முகத்தின் ஒரு பக்கம் தொங்கியது.

"ஸ்ட்ரோக்," என்று பக்கத்து வீட்டு சரோஜம்மா அழுதாள். ஸ்கேனில் மூளை சுத்தமாக இருந்தது.

"வயசாச்சு, கடைய மூடிட்டு ரெஸ்ட் எடுங்க," என்றார் மூன்றாமவர்.

"மூளை நல்லாகீதுன்னு நீங்கதான சொன்னீங்க? அந்த மூளைதான் சொல்லுது, கடைய மூட மாட்டேன்னு."

கோலாரில் டாக்டர் நிவேதாவின் கிளினிக் மாடியில். ஜெயகரன் ஒரு காலை இழுத்து இழுத்துப் படியேறினார்.

"முட்டிக்கு இன்னா அங்கிள்?" என்றாள் நர்ஸ் ஷைலா.

"போன மாசம் வீங்குச்சும்மா. மைன் குடுத்த பென்ஷன். என்ன விடு, அவளப் பாரு."

இருவரும் குடகுக்குப் போய்வந்த கதையைக் கேட்டுக்கொண்டே நிவேதா கிராஃப் தாளைப் புரட்டினாள். வட்டத்துக்குள் வட்டமாகப் பன்னிரண்டு நாள்.

"எஸ்டேட்ல உண்ணி கடிச்சுதா?"

"கடிச்சுது. அத எந்த டாக்டரும் கேக்கல," என்றாள் ஃப்ளோரா.

"உண்ணி கடிச்சு வர்ற லைம் நோய் மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் அபூர்வம், வேற நோய்ன்னுதான் தோணும். ரத்தம் டெஸ்ட் பண்ணிடலாம். மாத்திரைக்குக் கேக்கும், மெஷின் மிதிக்கலாம்."

ஃப்ளோரா பாதி முகத்தால் சிரித்தாள். ஜெயகரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனுக்கு அப்பவே தெரியும். இந்த டாக்டருங்க பழைய பேரயே ஒட்டிவுட்டு அனுப்பிடுவாங்க."

ஷைலா ஊசியோடு அவர் பக்கம் திரும்பினாள். "மைன் மூடி இருவது வருசத்துக்கு மேல ஆச்சு அங்கிள், முட்டி வீங்குனது போன மாசம்; எஸ்டேட்டுக்கு நீங்களும்தான போனீங்க, கைய நீட்டுங்க."