சம்பந்தி வீட்டுப் பெயர்களுக்கு நான் சொன்ன விளக்கம்

பார்க்டேல், ரொறன்ரோ

இயேசுவுக்குள் அன்பான பேர்ணடெற் அக்காவுக்கு,

இங்கே யாவரும் சுகம். ஒஷாவாவில் நீங்களும் உங்கள் முழங்காலும் சுகமாயிருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன். தொலைபேசியில் சொன்னால் இடையிலே சிரிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

மகள் கரோலினுக்கு இது நிறைமாதம். பிள்ளையின் முதற்பெயர் போலந்துச் சம்பந்தி வீட்டாருடையது, இரண்டாவது பெயர் என்னுடையது என்று பேச்சு. அதற்காகச் சம்பந்தி விட்டோல்ட் தன் பக்கத்து, மனைவி பக்கத்து முன்னோரின் பழைய பிறப்புப் பதிவுகளைப் பிரதியெடுத்துக் கொண்டுவந்தார். அந்தப் பெயர்கள் இன்று போலந்திலேயே அபூர்வமாம். பொருள் அவருக்கே சரியாகத் தெரியாது. ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை? நூலகத்தில் அகராதி எடுத்துவந்து பிரித்துப் பார்த்தேன். எங்கள் பெயர்களைப் போலவே இரண்டு சொற்களை ஒட்டி வைத்தவை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெயரைக் கேட்டதும் ஆளின் குணத்தையும் குறையையும் சொல்லாவிட்டால் எங்கள் ஆட்களுக்குச் சோறு செமிக்காதே. ஞாயிறு விருந்தில், புட்டுக்கும் ஆட்டிறைச்சிக் கறிக்கும் நடுவே தொடங்கினேன். டொப்ரொகொஸ்ட் என்றால் நல்ல விருந்தாளி; ஆகவே மனிதர் தன் வீட்டில் உலை வைத்ததே இல்லை என்றேன். க்னியெவோமிர் என்றால் கோபமும் சமாதானமும். காலையில் ஏசி மாலையில் மன்னிப்புக் கேட்பவர் என்றேன். சம்பந்தி சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. அடுத்தது டொப்ரொக்னியெவா என்றொரு பெண். நல்ல கோபக்காரி. இவளோடு குடும்பம் நடத்திய பெரியவருக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்றேன்.

சம்பந்தியம்மா ஈவா கரண்டியைக் கீழே வைத்தார். அது அவருடைய பூட்டியாம். அவருடைய இரண்டாவது பெயரும் அதுதானாம். பேச்சை மாற்ற விட்டோல்ட் என் பெயரின் பொருளைக் கேட்டார். அன்புக்கு அரசன் என்றேன். இந்த மேசையில் பெயரைப் பொய்யாக்கியவர் நீங்கள் ஒருவர்தான் என்றார், மிகுந்த மரியாதையோடு. தன் தட்டில் புட்டு இரண்டாந்தரம் போடவும் விடவில்லை.

அவர்கள் போனபின் கரோலின் சொன்னாள்: "அப்பா, உங்களைப் பேருக்குக் கருத்துத்தான் கேட்டது. ஆக்களுக்கு மாக்ஸ் போடச் சொல்லேல்லை. இனி ரெண்டு பக்கத்துப் பேரும் வேண்டாம். ஆணெண்டாலும் பெண்ணெண்டாலும் பேர் றைலிதான்."

றைலியையும் பிரித்துப் பார்த்தேன், அக்கா. உள்ளே ஒன்றுமில்லை.

போன மாரியில் நான் பனியில் வழுக்கி விழுந்து கிடந்தபோது, பஸ் ஏறி பீற்றூட் சூப் கொண்டுவந்தது அந்த ஈவாதான். கேட்காமலே வந்தார். அதை நினைத்தால் இப்போதும் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எனக்குப் பின்னால் இந்த நாட்டில் மிஞ்சக்கூடியது பிள்ளைக்கு வைக்கும் என் பெயர் ஒன்றுதான்; அதையும் என் வாயாலே கெடுத்தேன். கரோலின் உங்கட சொல்லைத்தான் கேப்பாள். ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ. தம்பிக்காகக் கேக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. உண்மையிலே கேக்கிறது எனக்காகத்தான்.

உங்கள் செபத்தில் என்னையும், தனியாக என் வாயையும் நினைத்துக்கொள்ளவும்.

பாசமுள்ள தம்பி,
அன்புராசா

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுமுன் இதைச் சேர்க்கிறேன். கரோலினோடு ஒன்றும் கதைக்க வேண்டாம். இன்று காலை பெண் பிள்ளை பிறந்தது. ஈவாதான் தூக்கி என் கையில் தந்தார். பிள்ளை ஊரைக் கூட்டிக் கத்தியது. டொப்ரொக்னியெவா வந்துவிட்டாள் என்றார் ஈவா; கரோலினும் றைலியைக் கைவிட, அதுவே முதற்பெயராகிவிட்டது. இரண்டாவது பெயரையும் அவரே கேட்டு வாங்கினார்: அன்பு. மிச்ச ராசாவை என்னிடமே வைத்திருக்கட்டாம். கரோலின் வேலைக்குத் திரும்பியதும் பிள்ளையைப் பகலில் பார்ப்பது நான்தானாம். ஆகையால் அந்தப் பெரியவருக்கென்று சொன்ன பூசையை எனக்கு ஒப்புக்கொடுக்கவும்.